சென்னைப் பக்கம் பர்முடா, மெக்சிகன் புல்தரைக்கு வருஷம் முழுக்க உரம்: எந்த மாசம், எது, எவ்வளவு?

தாம்பரம்வாசி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தாம்பரம் பக்கம் 1,500 சதுர அடி புல்தரை. முன்பக்கம் 1,000 சதுர அடி பர்முடா, நாள் முழுக்க வெயில். பக்கவாட்டில் 500 சதுர அடி மெக்சிகன் கிராஸ், வேப்பமரத்தால் பாதி நாள் நிழல். மேலே அரை அடி செம்மண். அதற்குக் கீழே வீடு கட்டியபோது விட்டுப்போன ஜல்லி, சிமென்ட் கழிவு கலந்த களிமண். போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம்.

இப்போது தோட்டக்காரர் மாதம் ஒரு தடவை 1 கிலோ யூரியா, 1 கிலோ டி.ஏ.பி. கலந்து மொத்த இடத்துக்கும் கையால் வீசுகிறார். போட்ட பத்து நாள் கரும்பச்சை, அப்புறம் மஞ்சள். அடைமழையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டு வருகிறது. மெக்சிகன் மெத்தைபோல உப்பி நிற்கிறது. வெட்டினால் அடியில் வைக்கோல் நிறம்.

மண் பரிசோதனை முடிவு: பி.எச். 8.0, அங்ககக் கரிமம் 0.4 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டேருக்கு 48 கிலோ (அதிகம்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) 190 கிலோ (மத்திமம்), இரும்பு 3.1 பி.பி.எம். (குறைவு). தண்ணீர் பி.எச். 8.1, உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. 1.6.

இணையத்தில் கிடைக்கிற பர்முடா உர அட்டவணை எல்லாம் அமெரிக்காவுக்கு எழுதியது. ஏப்ரலில் தொடங்கு, செப்டம்பரில் நிறுத்து என்கிறது. அது நம் ஊருக்குப் பொருந்துமா? எந்த மாதம் எது, எவ்வளவு போடுவது?

---

பச்சைத்தரை பதில்:

முதலில் இப்போது போகிற அளவைக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 460 கிராம், ஒரு கிலோ டி.ஏ.பி.யில் 180 கிராம். மாதம் 640 கிராம் என்றால் வருஷத்துக்கு ஏழரை கிலோவுக்கு மேல். உங்கள் மொத்த இடத்துக்கும் வருஷத் தேவை சுமார் 2 கிலோதான். நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறுக்கும் பாதிக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பழுப்பு வட்டம், மெத்தை, பத்து நாளில் வெளுப்பது மூன்றும் மிகை தழைச்சத்தோடு தொடர்புடையவை.

அமெரிக்க அட்டவணை குளிரை வைத்துப் போட்டது. அங்கே பர்முடா பனிக்காலத்தில் காய்ந்து உறங்கிவிடும். வசந்தத்தில் முழுசாகப் பச்சை திரும்பியதும் உரத்தைத் தொடங்கி, முதல் உறைபனிக்குச் சில வாரம் முன்பே நிறுத்துவார்கள். சென்னையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும், புல் உறங்குவதே இல்லை. இங்கே வளர்ச்சியைத் தடுப்பது தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் போதாது, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் அதிகம். அதனால் நம் அட்டவணையில் இடைவெளி இரண்டு. அந்த இரண்டு காலத்திலும் கையைக் கட்டிக்கொள்ளப் பழகினால் மீதி எல்லாம் சுலபம்.

அந்த ஊர் அட்டவணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1,000 சதுர அடிக்கு ஒரு பவுண்டு நைட்ரஜன் என்று எழுதியிருப்பார்கள். அது 454 கிராம், அதாவது ஏறக்குறைய 1 கிலோ யூரியா. அங்கே மெதுவாகக் கரையும் பூச்சு போட்ட உரமும் புழக்கத்தில் உண்டு. நம்மூர் யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருந்தாலும் அது மாதக்கணக்கில் தாங்குகிற பூச்சு அல்ல. ஒரே தடவையில் 1 கிலோ போட்டால் ஒரு வாரம் கிடுகிடுவென்று வளரும், பிறகு இறங்கிவிடும். ஆகவே அதில் பாதியை ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தவணை = 1,000 சதுர அடிக்கு 230 கிராம் தழைச்சத்து. அதற்கு யூரியா 500 கிராம், அல்லது அம்மோனியம் சல்பேட் 1.1 கிலோ. உங்கள் மண் பி.எச். 8.0 என்பதால் முடிந்தவரை அம்மோனியம் சல்பேட் போடுங்கள். கூடவே கந்தகம் கிடைக்கும், வேர்ப் பகுதியில் கொஞ்சம் புளிப்பும் கூடும்.

பர்முடாவுக்கு வருஷத்துக்கு ஆறு முழுத் தவணை போதும். அடிக்கடி, நெருக்கமாக வெட்டுபவர்கள் எட்டு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். மாத வாரியாக:

தை மாதம், பொங்கல் முடிந்ததும் முதல் தவணை, அம்மோனியம் சல்பேட் 1.1 கிலோ. அடைமழை மண்ணில் இருந்த நைட்ரேட்டை எல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும். வெயிலும் தெளிவாகத் தொடங்கிவிடும். புல் நன்றாக வாங்கிக்கொள்ளும் காலம் இது.

மாசி நடுவில் இரண்டாவது. இதோடு பொட்டாசியம் சல்பேட் 400 கிராம். ஒட்ட வெட்டுவது, அடியில் சேர்ந்த சருகைச் சீப்பு போட்டு எடுப்பது, மேல்மண் தூவுவது எல்லாவற்றையும் இந்தத் தவணைக்கு ஒரு வாரம் முன்பு முடித்துவிடுங்கள். கோடைக்கு முன் புல் மூடிக்கொள்ள ஆறு வாரம் வேண்டும்.

பங்குனிக் கடைசியில் மூன்றாவது. வழக்கமாக ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் குருணை உரம் வேண்டாம். தழைச்சத்து போட்டால் இலை வளரும், அந்த இலைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் லாரி வாங்குகிற மாதத்தில் அது வீண் வேலை. நிறம் ரொம்ப மங்கினால் 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் யூரியா கரைத்து, 1,000 சதுர அடிக்கு மாலையில் தெளியுங்கள். 1 சதவீதத்தைத் தாண்டினால் இலை நுனி கருகும். மாதம் இரண்டு தடவை போதும். இந்தக் காலத்தில் வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றுவது உரத்தைவிட அதிகப் பலன் தரும்.

ஆனிக் கடைசியில், மாலை நேரத்து இடிமழை தொடங்கியதும் நான்காவது. ஆடிக் கடைசியில் ஐந்தாவது. வருஷத்திலேயே பர்முடா அதிகம் படர்வது இந்த இரண்டு மாதத்தில்தான். வழுக்கைத் திட்டு ஏதாவது இருந்தால் அங்கே தண்டு நட்டு நிரப்புவதும் இப்போதே.

ஆறாவது தவணை ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசி முதல் வாரம். அதன் பிறகு தழைச்சத்து நிறுத்தம். புரட்டாசி நடுவில் பொட்டாசியம் சல்பேட் மட்டும் 500 கிராம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான சராசரித் தேதி அக்டோபர் 20. அப்போது புல் மெதுமெதுவென்று தழைத்திருக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் போடாதீர்கள். இலை நனைந்தே கிடக்கும், மண்ணில் காற்று இருக்காது, மேகமூட்டத்தில் மாவுச்சத்து சேராது. அந்த நிலையில் தழைச்சத்து கொடுத்தால் ரைசோக்டோனியா பூஞ்சைக்குத்தான் விருந்து. உங்கள் வட்டத் திட்டு பெரும்பாலும் அதுதான். விளிம்பில் உள்ள தண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதி அழுகி இலை சுலபமாகக் கழன்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மார்கழியில் ஆசை வரும். மழை விட்டிருக்கும், புல் வெளுத்திருக்கும். ஆனால் காலை ஒன்பது மணி வரை பனி இலையில் நிற்கும். தை வரை பொறுத்திருங்கள்.

மெக்சிகனுக்கு இது எதுவும் அப்படியே பொருந்தாது. அதன் தேவை பர்முடாவில் பாதிதான், நிழலில் இன்னும் குறைவு. வருஷத்துக்கு மூன்று தவணை: மாசி, ஆனி, ஆவணி. உங்கள் 500 சதுர அடிக்கு ஒவ்வொரு தடவையும் அம்மோனியம் சல்பேட் அரை கிலோவை ஒட்டி. அது மெத்தையாக உப்புவதற்குக் காரணம் பர்முடாவின் அளவை அதற்கும் போட்டதுதான்.

---

மண்ணும்நீரும் பதில்:

பச்சைத்தரை எழுதியதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பரிசோதனைத் தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் இன்னொரு பாதி விடை இருக்கிறது.

டி.ஏ.பி.யை இன்றே நிறுத்துங்கள், அதில் மணிச்சத்துதான் அதிகம். எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் போனாலே மணிச்சத்து ‘அதிகம்’ என்று கணக்கு. உங்களிடம் 48 இருக்கிறது. புது புல்தரை போடும்போது வேர் பிடிக்க மணிச்சத்து வேண்டும்: 1,000 சதுர அடிக்கு சூப்பர் பாஸ்பேட் 3 கிலோவை அடியில் கலப்பார்கள். வளர்ந்து மூடிய புல்லுக்கு அது ரொம்பக் கொஞ்சம்தான் தேவை. மிச்சமெல்லாம் மண்ணிலேயே தங்கி இரும்பையும் துத்தநாகத்தையும் புல்லுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறது. இதே காரணத்தால் மூன்று சத்தும் சமமாகக் கலந்த 17:17:17, 19:19:19 வகைகளும் உங்களுக்கு வேண்டாம். கடையில் ‘லானுக்கு ஆல் நைன்டீன் போடுங்க’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் தாளைக் காட்டினால் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது மஞ்சள். தழைச்சத்துக் குறைவால் வரும் மஞ்சளும் இரும்புக் குறைவால் வரும் மஞ்சளும் வேறு. அடி இலை, பழைய இலை முழுசாக வெளுத்தால் தழைச்சத்து. நுனிக் குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்பு. பர்முடா இலை மெல்லியது, வெறும் கண்ணுக்குக் கோடு சரியாகத் தெரியாது. உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். இரும்புக் குறைவில் யூரியா போட்டால் வளர்ச்சி வேகமாகி, இருக்கிற கொஞ்ச இரும்பும் பரவி, பத்து நாளில் முன்னைவிட மஞ்சளாகும். நீங்கள் சொன்னது அப்படியே இதுதான்.

மருந்து அன்னபேதி, அதாவது ஃபெர்ரஸ் சல்பேட். மண்ணில் போட்டால் பி.எச். 8-இல் சீக்கிரமே துருவாக மாறிப் பயனற்றுப் போகும். இலையில் தெளிக்க வேண்டும். 10 லிட்டருக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். வரிசை முக்கியம்: சிட்ரிக் அமிலத்தை முதலில் கரையுங்கள், பிறகு அன்னபேதி. உங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாக இருக்கக்கூடும். அமிலம் இல்லாமல் கலந்தால் சில நிமிடத்தில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கரைசலால் பயனில்லை, தெளிக்க வேண்டாம். வெளிர் பச்சையாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதுவே சிறந்தது.

கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு, இலை நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். மறுநாள் வரை தண்ணீர் பாய்ச்சக் கூடாது, புல் வெட்டக் கூடாது. மூன்று நாளில் நிறம் தெரியும். வெட்ட வெட்ட அந்த இலை போய்விடும் என்பதால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. சிமென்ட் தரை, டைல்ஸ், வெள்ளைச் சுவர் மேல் ஒரு துளி பட்டாலும் துருக்கறை நிற்கும். பட்டவுடன் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

கீலேட் இரும்பு (சீக்கிரம் துருவாகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) வாங்குவதானால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை உங்கள் பி.எச்.சில் மண்ணில் நிலைக்காது, இலைக்கு மட்டும்தான் ஆகும். மண்ணில் போட இ.டி.டி.எச்.ஏ. வகை வேண்டும், விலை பல மடங்கு.

மழைக்காலத்தில் புல் வெளுக்கும்போது பலரும் யூரியாவுக்குக் கை நீட்டுவார்கள். அப்போதும் ஒரு நாள் மழை விட்ட இடைவெளியில் இந்த இரும்புத் தெளிப்பைக் கொடுங்கள். நிறம் வரும், மென்மையான தழை வளர்ச்சி வராது, பூஞ்சைக்கும் தீனி கிடைக்காது.

தண்ணீர் ஈ.சி. 1.6 என்பது பர்முடா தாங்கக்கூடியதுதான். மெக்சிகனும் சமாளிக்கும். ஆனால் கோடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். அதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக விடுங்கள். பொட்டாஷ் வாங்கும்போது சிவப்பு பொட்டாஷை (அது குளோரைடு) தவிர்த்து சல்பேட் கேட்பதும் இதனால்தான்.

மண்ணைப் புளிக்க வைக்கக் கந்தகத் தூள் போடச் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. கீழே சிமென்ட் கழிவு கிடக்கிறபோது நுரைக்கத்தான் செய்யும். அந்தச் சுண்ணாம்பு தீரும் வரை கந்தகம் பி.எச்.சை அசைக்காது. பணத்தை அன்னபேதியில் போடுங்கள்.

---

தாம்பரம்வாசி:

ரொம்ப நன்றி. நுனிக் குருத்துதான் வெளுக்கிறது, உருப்பெருக்கியில் கோடு தெரிகிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, 500 கிராம் யூரியாவை 1,000 சதுர அடிக்குச் சமமாக எப்படி வீசுவது? இப்போதே வரி வரியாகத் தெரிகிறது, சில இடம் கருகியும் போகிறது. இரண்டு, முழுக்க மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு என்று போக முடியுமா?

---

கைவீச்சு பதில்:

வீசுவதைப் பற்றி நான் சொல்கிறேன். வரி விழுவதற்கும் கருகுவதற்கும் காரணம் மூன்றுதான்: ஈர இலை, ஒரே திசை வீச்சு, போட்டபின் தண்ணீர் பற்றாமை.

புல்லை முதல் நாள் வெட்டிவிடுங்கள். மண் ஈரமாகவும் இலை காய்ந்தும் இருக்க வேண்டும். அதனால் காலைப் பனியில் வேண்டாம், மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடியைக் கயிறு கட்டி 250 சதுர அடியாக நான்கு பாகம் பிரியுங்கள். 500 கிராம் யூரியாவை 5 கிலோ காய்ந்த மணலோடு கலந்து எட்டுப் பங்கு வையுங்கள். ஒரு பங்கு 690 கிராம் வரும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பங்கை வடக்கு தெற்காக நடந்து வீசுங்கள், இன்னொரு பங்கைக் கிழக்கு மேற்காக. யூரியா உருண்டை, மணல் பொடி. வாளியில் ஆட ஆட யூரியா மேலே ஒதுங்கும், ஆகவே ஒவ்வொரு பங்கு எடுக்கும்போதும் அடிவரை கிளறுங்கள். மணல் ஈரமாக இருந்தால் யூரியா கசிந்து கட்டியாகும். சூப்பர் பாஸ்பேட்டோடு யூரியாவைக் கலந்து வைத்தாலும் அப்படியே பிசுபிசுவென்று ஆகிவிடும். அம்மோனியம் சல்பேட் சர்க்கரைபோல இருப்பதால் இலையில் ஒட்டும், அதற்கு மணல் கொஞ்சம் கூடவே போடுங்கள்.

வீசிய கையோடு தண்ணீர். இங்கேதான் பெரும்பாலோர் தோட்டக்காரரைக் குறை சொல்லிவிட்டுப் பைப்பை ஐந்து நிமிடம் காட்டி நிறுத்துகிறார்கள். யூரியா மண்ணுக்குள் இறங்க 6 மி.மீ. தண்ணீர் வேண்டும். 1,000 சதுர அடிக்கு 1 மி.மீ. என்றால் 93 லிட்டர், 6 மி.மீ.க்கு 560 லிட்டர். 20 லிட்டர் வாளி நிரம்ப 80 வினாடி ஆகிறது என்றால் உங்கள் பைப் நிமிடத்துக்கு 15 லிட்டர் தருகிறது, அப்படியானால் 37 நிமிடம் விட வேண்டும். மேலேயே கிடக்கிற யூரியா அம்மோனியாவாக மாறிக் காற்றில் போகும். சூடும் அதிக பி.எச்.சும் சேர்ந்தால் இழப்பு இன்னும் வேகம். சுண்ணாம்பு மண்ணில் அம்மோனியம் சல்பேட்டுக்கும் இதே விதிதான். லேசான தூறல் வரும் என்று நம்பிப் போடாதீர்கள், கனமழை அறிவிப்பு இருக்கும் நாளிலும் போடாதீர்கள். தூறலில் பாதி ஆவியாகும், கனமழையில் சாக்கடைக்குப் போகும்.

நடைபாதையில் விழுந்த உருண்டைகளைப் பெருக்கிப் புல்லுக்குள் தள்ளிவிடுங்கள். உரம் அள்ளும் இடம் எப்போதும் சிமென்ட் தரையாக இருக்கட்டும்; புல்மேல் மூட்டையை வைத்து அள்ளினால் அந்த இடம் வட்டமாகக் கருகும்.

ஏற்கெனவே கருகிய இடத்துக்கு 25 மி.மீ. தண்ணீர் ஒரே தடவையில் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். 100 சதுர அடிக்கு சுமார் 230 லிட்டர். அப்புறம் மூன்று வாரம் ஒன்றும் செய்ய வேண்டாம். பர்முடாவுக்கு மண்ணுக்குள்ளேயும் தண்டு ஓடும், அதிலிருந்து துளிர்த்துவிடும். மெக்சிகன் மெதுவாக வரும், பொறுமை வேண்டும்.

---

பச்சைத்தரை பதில்:

இயற்கை உரம் பற்றி. முடியும், ஆனால் எடையைப் பாருங்கள். மண்புழு உரத்தில் தழைச்சத்து சுமார் ஒன்றரை சதவீதம். ஒரு தவணைக்கு 15 கிலோ. அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் பருவத்தில் கிடைக்கும். வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம், 1,000 சதுர அடிக்கு 5 கிலோ போட்டால் ஒரு தவணைக் கணக்கு. நான் சொல்வது கலப்பு வழி: ஆனி மாதத் தவணையை மட்டும் வேப்பம் புண்ணாக்காகக் கொடுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்திருக்கிற அந்த மாதத்தில்தான் அது சீக்கிரம் மட்கும். பொடித்தது வாங்குங்கள், மூன்று நாலு நாள் வாடை இருக்கும். வேர்ப்புழுத் தொல்லைக்கும் கொஞ்சம் அணை.

மண்புழு உரத்தை மாசி மாத மேல்மண்ணில் சேருங்கள். சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு. கனம் 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 1,000 சதுர அடிக்கு 16 கன அடி வரும். துடைப்பத்தால் இழுத்துவிட்டால் இலை நுனி வெளியே தெரிய வேண்டும். அங்ககக் கரிமம் 0.4 என்ற உங்கள் எண்ணை உயர்த்த, வருஷா வருஷம் இதைச் செய்வதுதான் வழி.

மட்காத தொழுவுரம் வேண்டவே வேண்டாம். வேர்ப்புழு, கரையான், ஒரு காடு அளவுக்குக் களை விதை எல்லாம் கூடவே வரும்.

காசில்லாத உரம் ஒன்று இருக்கிறது: வெட்டிய புல். அடிக்கடி வெட்டி, ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், தூளை அங்கேயே விட்டால் வருஷத் தழைச்சத்துத் தேவையில் கால் பங்கு வரை திரும்பிவிடும். பழுப்புத் திட்டு இருக்கும் மழைக்காலத்தில் மட்டும் அள்ளி எடுத்துவிடுங்கள்.

---

மண்ணும்நீரும் பதில்:

அதோடு ஒரு திருத்தம். வெட்டிய புல்லை விடுகிறவருக்கு சாம்பல் சத்து இரண்டு தடவை தேவையில்லை. புல் எடுக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. தூளை விட்டால் அது மண்ணுக்கே திரும்பும். அவர் தாளில் 190 மத்திமம்தானே. புரட்டாசித் தவணை ஒன்றே போதும், மாசியில் உள்ள 400 கிராமை விட்டுவிடலாம். அள்ளிக் கொட்டுகிறவர் இரண்டையும் போட வேண்டும்.

---

பச்சைத்தரை பதில்:

ஒப்புக்கொள்கிறேன். அவர் மணல் கலந்த மேல்மண்ணும் போடப்போகிறார், மணலில் பொட்டாசியம் நிற்காது என்பதால் இரண்டு என்றேன். அடுத்த தையில் மறுபடி மண் பரிசோதனை செய்து, 150-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாசித் தவணையைச் சேர்த்துக்கொள்ளட்டும். மாதிரி எடுக்கும்போது மேல் 10 செ.மீ. மட்டும், பத்துப் பதினைந்து இடத்தில், உரம் போட்டு ஒரு மாதமாவது ஆன பிறகு. பர்முடாவும் மெக்சிகனும் தனித்தனிப் பையில்.

---

நீலகிரிப்புல் பதில்:

மலைப்பகுதியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் இந்த அட்டவணையை அப்படியே எடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஊட்டி, குன்னூரில் லான் என்றால் பெரும்பாலும் கிகுயூ. அதுவும் வெப்பப் பருவப் புல்தான், ஆனால் இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். ஆக, எங்களுக்கு அந்த அமெரிக்க அட்டவணையின் தர்க்கம் ஓரளவு பொருந்தும். ஏப்ரல் கடைசியில் கோடை மழையோடு தொடங்கி, செப்டம்பரில் கடைசித் தவணை. அக்டோபருக்குப் பிறகு தழைச்சத்து கொடுத்தால் இளம் இலை பனியில் கருகிக் கறுத்துப்போகும்.

மண்ணும் நேர்மாறு. இங்கே புளிப்பு மண். அம்மோனியம் சல்பேட் அதை இன்னும் புளிக்க வைக்கும். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் 1,000 சதுர அடிக்கு 900 கிராம் என்றால் அதே ஒரு தவணை. டாலமைட் சுண்ணாம்பை மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு, உரத்தோடு சேர்க்காமல் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். கிகுயூவுக்கு வருஷத்துக்கு மூன்று தவணைக்கு மேல் கொடுத்தால் வாரம் இரண்டு தடவை வெட்ட ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

---

தாம்பரம்வாசி:

எல்லாம் தெளிவாகிவிட்டது. இப்போது ஆவணி தொடங்கியிருக்கிறது. போன மாதம்தான் யூரியா, டி.ஏ.பி. விழுந்தது. எதில் தொடங்குவது?

---

பச்சைத்தரை பதில்:

இந்த வாரம் இரும்புத் தெளிப்பு, இரண்டு இடத்துக்கும். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஆவணிக் கடைசியில் பர்முடாவுக்கு அம்மோனியம் சல்பேட் 1.1 கிலோ. மெக்சிகனுக்கு இந்த ஆவணித் தவணை வேண்டாம், அதில் ஏற்கெனவே இருப்பதே மிச்சம். மாசி வரை தழைச்சத்து இல்லாமல் விடுங்கள். உப்பலை இப்போதே ஒட்ட வெட்டிக் குறைக்க முயலாதீர்கள், மழைக்கு முன் மூடிக்கொள்ள நேரம் போதாது, அதுவும் மாசியில்தான். புரட்டாசி நடுவில் பொட்டாசியம் சல்பேட், பர்முடாவுக்கு 500 கிராம், மெக்சிகனுக்கு 250 கிராம். அத்தோடு உர மூட்டையை நன்றாகக் கட்டி, ஈரம் படாத இடத்தில் பலகைமேல் வைத்துவிட்டுப் பொங்கல் கழிந்து எடுங்கள்.